பேய்க்குப் படிக்கத் தெரியுமா?



இன்றைக்குப் பாடப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைப்போம். நான் உங்களோடு பேச வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் மையத்துக்கு வந்த ஓர் அக்கா தன் செல்போனை என்னிடம் நீட்டினார். "பாரும்மா, இதை நானே எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆறு மாதத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடவே தயங்கியவர் அவர். என்ன படித்தார் என்று வாங்கிப் பார்த்தேன். குழந்தை பிடிக்கும் கூட்டம் நம் ஏரியாவுக்குள் வந்துவிட்டது, உஷார் என்று எழுதியிருந்தது. அதே செய்தி இங்கே இன்னும் மூன்று பேருடைய போனிலும் இருந்தது. என் சந்தோஷம் போய்விட்டது.

அந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் பாட்டி வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. 1990களில் பெங்களூரில் ஒரு பேய்க் கதை பரவியது. உங்களில் வயதானவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ராத்திரியில் ஒரு பெண் பேய் தெருத் தெருவாக வரும். கதவைத் தட்டும். நமக்குத் தெரிந்தவர்களின் குரலில் கூப்பிடும். கதவைத் திறந்தால் ஆள் செத்துப்போவார். தப்பிக்க ஒரே வழி, கதவில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைப்பது. நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் அதைப் படிக்கும். சரி, நாளைக்கு வருவோம் என்று போய்விடும். மறுநாள் வரும். மறுபடியும் அதையே படிக்கும். மறுபடியும் போய்விடும்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் பாட்டி சிரிக்கவில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் எழுதிவிட்டார்களாம். பாட்டிக்கு எழுதத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்கு எட்டணா வாங்கிக்கொண்டு சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் கொடுத்தான். எழுதிவிட்டுப் போன பிறகு பாட்டிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அவன் சரியாக எழுதினானா, இல்லை விளையாட்டுக்கு வேறு எதையாவது எழுதிவிட்டானா? இரண்டு வீடு தள்ளி இருந்த டீச்சரம்மாவைக் கூட்டி வந்து படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பாட்டி படுத்தாராம்.

பேய்க்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில்தான் யாருக்கும் தெரியவில்லை.

பாட்டி முட்டாள் இல்லை. ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய் விற்றவர். கணக்கில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்டவர் ஏன் இதை நம்பினார்? இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தேடுகிற படிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு உளவியல் என்று பெயர். மனோதத்துவம் என்றும் சொல்வார்கள்.

மனோதத்துவம் என்றதும் நம் ஊரில் எல்லோரும் ஓசூர் ரோட்டில் இருக்கிற நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்கள். அது பெரிய ஆஸ்பத்திரி. 1974இல் அந்தப் பெயர் வந்தது. அதற்கு முன்பும் அங்கே மனநோய்க்கு வைத்தியம் நடந்தது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான். ஆனால் உளவியல் நோயாளிகளுக்கு மட்டும் ஆன படிப்பு கிடையாது. நன்றாக இருக்கிற நாம் ஏன் பயப்படுகிறோம், ஏன் கோபப்படுகிறோம், ஏன் ஒன்றை நம்புகிறோம் என்பதையும் அது ஆராய்கிறது.

கதவில் எழுதிய கதைக்கே வருவோம். எழுதினார்கள். அன்று ராத்திரி பேய் வரவில்லை. "பார்த்தியா, எழுதினதால்தான் வரல" என்றார்கள். எழுதாத வீடுகளும் தெருவில் இருந்தன. அங்கேயும் பேய் வரவில்லை. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதைப் போன்ற ஒன்றைப் புறாக்களிடம் பார்த்திருக்கிறார்கள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1948இல் இதைப் பற்றி எழுதினார். எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்தார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தானியம் தானாக வரும். புறா எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலும் வரும். கொஞ்ச நாளில் பார்த்தால், எட்டில் ஆறு புறா விசித்திரமாக ஏதோ செய்துகொண்டிருந்தன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டி முட்டி ஆட்டியது. தானியம் வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்பது போல அதையே திரும்பத் திரும்பச் செய்தது. பாட்டியின் சுண்ணாம்பு எழுத்தும் அப்படித்தான். பாட்டியிடம் இதைச் சொன்னேன். "புறாவும் நானும் ஒண்ணாடி?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

சரி, பயம் எங்கிருந்து வருகிறது? வதந்தியைக் கேட்டதால் பயம் வருகிறது என்று நாம் நினைக்கிறோம். சில நேரம் அது தலைகீழாக நடக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி. பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய பூகம்பம் வந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு பீகாரில் என்னென்ன வதந்திகள் பரவின என்று ஜமுனா பிரசாத் என்பவர் சேகரித்தார். இன்ன தேதியில் பெரும் புயல் வரும். சந்திர கிரகணத்தன்று இதைவிடப் பெரிய பூகம்பம் வரும். நேபாளத்திலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது. எல்லாமே இன்னும் பயமுறுத்துகிற செய்திகள். பூமி ஆடி முடிந்துவிட்டது. இனியாவது நல்ல செய்தி வராதா என்றுதானே மனிதன் ஏங்குவான்? இவர்கள் ஏன் பயமுறுத்தும் செய்தியையே தேடிப் பிடித்து நம்பினார்கள்?

ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் இந்த ஆய்வைப் படித்துவிட்டு ஒரு விளக்கம் சொன்னார். இந்த வதந்திகள் பரவிய மக்கள் பூமி ஆடியதை உணர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் கண் முன்னால் பெரிய அழிவு இல்லை. உடம்பு நடுங்குகிறது. சுற்றிப் பார்த்தால் எல்லாம் இருந்த மாதிரியே இருக்கிறது. பிறகு நான் ஏன் நடுங்குகிறேன்? அந்தக் கேள்விக்கு வதந்தி பதில் கொடுத்தது. பெரிய ஆபத்து வரப்போகிறது, அதனால்தான் நடுங்குகிறாய் என்றது. பயம் முதலில் வந்தது. காரணத்தை மனம் பிறகு தேடிக்கொண்டது.

1950இல் டார்ஜிலிங்கில் பெரிய மண்சரிவு வந்தது. துர்கானந்த் சின்ஹா என்ற அறிஞர் அங்கே பரவிய பேச்சுகளை ஆராய்ந்தார். அங்கே வீடு இடிந்து, ஆள் செத்து, அழிவைக் கண்ணால் பார்த்த மக்கள் இருந்தார்கள். அவர்களிடம் இப்படி மேலும் மேலும் பயமுறுத்துகிற வதந்திகள் பரவவில்லை என்று ஃபெஸ்டிங்கர் எடுத்துக் காட்டினார். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் கண் முன்னாலேயே கிடந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இது என் சொந்த யோசனை. நம் வீடுகளில் அம்மாக்கள் விடிந்தால் வேலைக்குப் போகிறார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் தனியாக விளையாடுகின்றன. அந்தப் பயம் தினமும் நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்போது குழந்தை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று ஒரு செய்தி வருகிறது. ஏற்கெனவே இருக்கிற பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது.

இப்போது போன மாதம் நாம் விளையாடிய விளையாட்டை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தீர்கள். முதல் ஆள் காதில் நான் சொன்னது இது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி பையைத் தவறவிட்டார். நீலச் சட்டை போட்ட ஒரு பையன் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தான். எட்டாவது ஆள் என்ன சொன்னார்? "சிவாஜிநகர்ல ஒருத்தன் கிழவி பையை எடுத்துக்கிட்டு ஓடிட்டான்." யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் நம்மவர்கள். ஆனாலும் நல்ல பையன் திருடன் ஆகிவிட்டான்.

ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற இருவர் 1940களில் அமெரிக்காவில் இதை முறையாகச் செய்து பார்த்து 1947இல் புத்தகம் எழுதினார்கள். ஒருவர் ஒரு படத்தைப் பார்ப்பார். படத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் அதைச் சொல்வார். அவர் அடுத்தவரிடம் சொல்வார். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் நூற்றுக்கு எழுபது விவரம் உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருந்ததும் உருமாறியது. ஒரு படத்தில் ரயில் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு கறுப்பினத்தவரும் நின்று பேசுகிறார்கள். சவரக்கத்தி வெள்ளைக்காரர் கையில் இருக்கிறது. கதை வாய் மாறி வரும்போது, அந்தப் படத்தை வைத்துச் செய்த சோதனைகளில் பாதிக்கு மேல், எங்கோ ஓர் இடத்தில் கத்தி கறுப்பினத்தவர் கைக்குப் போய்விட்டது. யார் மேல் நமக்கு ஏற்கெனவே சந்தேகமோ, அவர் கையில் மனம் கத்தியைக் கொடுத்துவிடுகிறது. நம் ஊரில் அது யார் கை? வெளியூர்க்காரர் கை. நம் பாஷை பேசாதவர் கை. மூட்டை தூக்கி வருகிறவர் கை.

வாட்ஸ்அப் வந்த பிறகு விவரம் உதிர்வதில்லை. ஓர் எழுத்து மாறாமல் அப்படியே வருகிறது. ஆனால் வேறு ஒன்று நடக்கிறது. அண்ணி அனுப்புகிறார். சீட்டுக் குழுவில் வருகிறது. வேலை செய்கிற வீட்டு அம்மாவும் அனுப்புகிறார். நாலு இடத்தில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. 1977இல் அமெரிக்காவில் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சில வாக்கியங்களைக் கொடுத்து, இது உண்மையாக இருக்குமா என்று கேட்டார்கள். இரண்டு வாரம் விட்டு இரண்டு வாரம், மூன்று தடவை கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை, பொய்யாக இருந்தாலும், உண்மை என்று நம்புவது கூடிக்கொண்டே போனது. கல்லூரியில் படிக்கிறவர்கள்தான் அவர்கள். ஆகவே, படிக்காததால்தான் நாம் ஏமாறுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வதந்தி என்ன செய்யும் என்று நம் பெங்களூர் இரண்டு தடவை பார்த்திருக்கிறது.

2012 ஜூலையில் அஸ்ஸாமில் கலவரம் நடந்தது. ஆகஸ்ட்டில் இங்கே இருக்கிற வடகிழக்கு மாநிலத்து மக்களை அடிக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டி படுக்கையோடு சிட்டி ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். கவுஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு 15 நாள் தடை போட்டது. எனக்கு அப்போது 12 வயது. எங்கள் மாடி அறையில் மூன்று அஸ்ஸாம் அண்ணன்கள் குடியிருந்தார்கள். வடித்த சோற்றைக் கூடச் சாப்பிடாமல் போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வதந்தி சொன்ன பெரிய தாக்குதல் நடக்கவே இல்லை.

2018இல் நடந்தது இதைவிடக் கொடுமை. இதே குழந்தை பிடிக்கிறவர்கள் வதந்திதான். அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயது அம்மா ஒருவர் அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அதே மாதம் 23ஆம் தேதி, நம் பெங்களூரில், சாமராஜபேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வந்த 26 வயது இளைஞரைக் கட்டிப்போட்டு அடித்தார்கள். அவரும் இறந்துவிட்டார். இருவரும் எந்தக் குழந்தையையும் பிடிக்க வந்தவர்கள் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை இந்த மையத்தில் யாரிடமும் சொல்லாதது.

அந்தச் செய்தி 2018இல் என் போனுக்கும் வந்தது. எனக்கு 18 வயது. பத்தாவது பாஸ் செய்தவள். தெருவில் மற்றவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுகிறவள். நான் அதை 11 பேருக்கு அனுப்பினேன். பிறகு எண்ணிப் பார்த்ததால் கணக்குத் தெரிகிறது. இரண்டு நாள் கழித்து, உதிர்ந்த தலைமுடியை வாங்கிக்கொண்டு பாத்திரமும் ஹேர்பின்னும் கொடுக்கிற ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். தோளில் பெரிய மூட்டை. யாரோ மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். அவருக்குக் கன்னடமும் தமிழும் அரைகுறை. தடுமாறினார். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். இருபது பேர் சுற்றி நின்றோம். நானும் நின்றேன். எனக்கு அவரைத் தெரியும். எங்கள் அம்மா அவரிடம் முடி போட்டு ஒரு தூக்குச் சட்டி வாங்கியிருக்கிறார். வாயைத் திறந்து "விடுங்க, இவர் எப்பவும் வர்றவர்" என்று சொல்லத் தெரியாதா எனக்கு? சொல்லவில்லை.

டீக்கடை அம்மா ஒருவர்தான் கரண்டியோடு ஓடி வந்து அவரை இழுத்துக் கடைக்குள் உட்கார வைத்தார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

நான் ஏன் சும்மா நின்றேன்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை. நான் உளவியல் பற்றிப் படிக்க ஆரம்பித்ததே அதனால்தான். 1968இல் அமெரிக்காவில் லத்தானே, டார்லி என்ற இருவர் செய்த ஒரு சோதனையைப் படித்தேன். ஓர் அறையில் மாணவர்களை உட்கார வைத்து ஏதோ தாளை நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நாலு பேருக்கு மூன்று பேர் எழுந்து போய்ப் புகை வருகிறது என்று சொன்னார்கள். இன்னொரு தடவை, ஒரு மாணவரோடு இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். புகை வந்தாலும் கண்டுகொள்ளக் கூடாது என்று அந்த இரண்டு பேரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அப்போது பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்து போய்ச் சொன்னார். மற்ற ஒன்பது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, எழுதிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்கிறாரே, அப்படியானால் ஒன்றும் இல்லை போல என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது.

அன்றைக்கு நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தச் சோதனை என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. நான் அனுப்பியது அனுப்பியதுதான். நின்றது நின்றதுதான். ஆனால் என்ன நடந்தது என்று புரிந்தது. டீக்கடை அம்மா கடைக்குள்ளிருந்து வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நேராக அந்த ஆளைப் பார்த்தார்.

அந்த முடிக்காரர் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஒரு தடவை ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் பார்த்தேன். கிட்டப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவள், ஹேர்பின் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சரி, இப்போது செவ்வாய்க்கிழமை வந்த செய்தியைப் பார்ப்போம். போன் இருப்பவர்கள் வெளியே எடுங்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். செய்திக்கு மேலே பாருங்கள். இரண்டு அம்புக்குறி சேர்ந்து இருக்கிறதா? பலமுறை கைமாறி வந்தது என்று அதற்கு அர்த்தம். உங்களுக்கு அனுப்பியவர் எழுதியதில்லை. 2018இல் இந்தியாவில் பல உயிர் போன பிறகுதான், ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி அந்தக் கம்பெனி மாற்றியது. இரட்டை அம்பு அதற்கு அடுத்த வருஷம் வந்தது.

இனி வரி வரியாகப் படிப்போம். அக்கா, நீங்களே ஆரம்பியுங்கள். எழுத்துக் கூட்டியே படியுங்கள், அவசரம் இல்லை. மற்றவர்கள் நோட்டில் நாலு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தெரு என்று போட்டிருக்கிறதா? எந்தத் தேதி? எந்தப் போலீஸ் ஸ்டேஷன்? காணாமல் போன குழந்தையின் பெயர் என்ன? பதில் இருந்தால் எதிரே எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

ம், படியுங்கள் அக்கா.